ஆறரை மணிக்கு மேல் குள்ளஞ்சாவடி

சாயங்காலம் ஐந்து மணி ஆகியும் கத்திரி வெயில் குள்ளஞ்சாவடிக் கடைத்தெருவை விட்டு இறங்கவில்லை. கடலூரிலிருந்து விருத்தாசலம் போகிற பஸ் வந்து நிற்கிறது. மருந்துச் சீட்டைச் சுருட்டிப் பிடித்த அம்மா ஒருவர் இறங்குகிறார். பலாப்பழத்தைத் தோளில் வைத்த ஒருவர். கோர்ட்டு வாய்தாவுக்குப் போய்வந்த அண்ணன் தம்பி இரண்டு பேர். ஒரே பஸ்ஸில் வந்தாலும் ஒருவர் முன்படியில் இறங்குகிறார், மற்றவர் பின்படியில். பஸ் செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு குறிஞ்சிப்பாடிப் பக்கம் போகிறது.

டீக்கடை பெஞ்சில் ஓர் ஓரம் கிடைத்தால் போதும். ஊர் தானாகவே பேசும். கேட்க வந்தவன் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடையின் உள்சுவரில் மீட்டர் பெட்டி. அதற்குக் கீழே மரப்பலகையில் இன்வெர்ட்டர், பக்கத்தில் பேட்டரி. பேட்டரியின் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்த உப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு வாஸ்லின் தடவியிருக்கிறார்கள். தூசி படியாமலிருக்க மேலே பழைய காலண்டர் அட்டை. டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிய தேதிகள் சுவரில் பென்சிலால் ஒன்றின்கீழ் ஒன்றாக இருக்கின்றன. டீ மாஸ்டரின் கையெழுத்து கோணல். தேதிகள் கோணல் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒன்றுகூடத் தவறவில்லை. தன் எதிர்கால மின்தேவைக்கு இந்தக் கடை போட்டுவைத்திருக்கும் திட்டம் இதுதான். இதில் எந்த அதிகாரியும் கையெழுத்துப் போடவில்லை.

எதிர் பெஞ்சில் பெரியவர். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடிக் கூடு. நெய்வேலியில் வேலை பார்த்து ரிட்டயர்ட் ஆனவர் என்பது அவர் பேப்பரை மடிக்கிற நிதானத்திலேயே தெரிகிறது. சத்தமாகப் படிக்கிறார்.

"என்.எல்.சி. 2030-க்குள்ள பத்தாயிரத்து நூத்திப் பத்து மெகாவாட்டு சோலாரு, காத்தாலைன்னு போடப்போறானாம்."

"இப்ப எவ்வளவு வச்சிருக்காங்க பெரியவரே?" டீ மாஸ்டர் கேட்கிறார், கை ஆற்றுவதை நிறுத்தாமல்.

"ஆயிரத்து நானூத்திச் சொச்சம்."

"ஏழு மடங்கா? நம்ம பால்காரன்கிட்ட ஏழு லிட்டர் சொன்னாலே அஞ்சுதான் வருது."

பெஞ்சு சிரிக்கிறது. பெரியவர் சிரிக்கவில்லை.

மாஸ்டர் போட்ட பெருக்கல் சரி. என்.எல்.சி. இந்தியா நிறுவனம் இந்த இலக்கை அறிவித்தபோது அதன் கையில் இருந்தது 1,431 மெகாவாட். அதில் காற்று 51தான், மீதியெல்லாம் வெயில். அந்த வெயிலிலும் பெரும்பகுதி நெய்வேலி வெயில் இல்லை. 709 மெகாவாட் மட்டும் திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களில் ஏறத்தாழ 2,670 ஏக்கரில் விரிந்து கிடக்கிறது. 2021 பிப்ரவரி 25-ஆம் தேதி கோயம்புத்தூரில் பிரதமர் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதே மேடையில், அதே நாளில், இன்னொன்றும் அர்ப்பணிக்கப்பட்டது: பழுப்பு நிலக்கரியில் ஓடும் 1,000 மெகாவாட் நெய்வேலி புதிய அனல் மின் நிலையம். அதோடும் நிற்கவில்லை. இரண்டாம் அனல் மின் நிலையத்தை 660 மெகாவாட் யூனிட்டுகள் இரண்டால் மேலும் விரிவாக்கும் திட்டமும் அந்த நிறுவனத்தின் கோப்பில் இருக்கிறது.

ஒரு கையில் கரி, மறு கையில் வெயில். முரண்பாடு என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். ஆனால் இந்தப் பெஞ்சில் ஆறரை மணி தாண்டி உட்கார்ந்திருந்தால் அதன் காரணம் கண்ணுக்கே தெரியும்.

"நான் ஃபர்ஸ்ட் தெர்மல்" என்கிறார் பெரியவர், யாரும் கேட்காமலே. நெய்வேலிக்காரர்கள் இப்படித்தான் தங்களை அறிமுகம் செய்துகொள்வார்கள்; ஊர் பேரும் தெருப் பேரும் பிறகுதான். "ரஷ்யாக்காரன் மெஷினு. அவன் ஊர்ல ஐஸு, நம்ம ஊர்ல வேக்காடு. ரெண்டையும் தாங்கிச்சு."

1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது என்பதிலிருந்து நெய்வேலிக் கதையைத் தொடங்குவார்கள். நிறுவனம் பதிவானது 1956 நவம்பர் 14. சுரங்க வேலையை நேரு தொடங்கிவைத்தது 1957 மே 20. மேல்மண்ணை வாரி வாரிக் கரியைத் தொட்டது 1961 ஆகஸ்ட். அடுத்த வருடம் மின்சாரம். ஒரு டன் கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணை அகற்ற வேண்டும்; கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுரங்கத்தின் தரை பிளந்துகொள்ளும். இத்தனையையும் கணக்குப் போட்டு ஆறே வருடத்தில் விளக்கெரிய வைத்தவர்கள் அந்தக் காலத்து அரசாங்க எஞ்சினியர்கள். வீடுகளுக்கு அடுப்புக்கரியாக லெகோ கூட வந்தது. புகையில்லாமல் எரியும், விறகுக் கஷ்டம் தீர்ந்தது என்று பெரியவர் இன்னும் மெச்சுகிறார்.

600 மெகாவாட்டாக வளர்ந்த அந்த முதல் அனல் மின் நிலையத்தை 2020 செப்டம்பர் கடைசியில் மூடினார்கள்.

"நான் ரிட்டயர்டு ஆயி ரொம்ப வருஷம். இருந்தாலும் பையன் பைக்ல போயி கேட்டுகிட்ட நின்னேன். உள்ள விடல. வெளியவே நின்னுட்டு வந்துட்டேன்." பேப்பரை இன்னொரு மடிப்பு மடிக்கிறார். "சொரங்கம் தொறக்கறப்ப நேரு வந்தாரு. மூடறப்ப ஒரு சர்க்குலர்."

முந்திரிக்கொட்டை விற்றுவிட்டு வந்த அம்மா ஒருவர் கடைவாசலில் நிற்கிறார். முந்தானை முடிச்சில் பணம். சைக்கிள் டயர் மாதிரி சுருட்டிய கயிற்றை பைக்கில் மாட்டிக்கொண்டு வந்த லைன்மேன், டீ கிளாஸை வாங்குவதற்குள் அந்த அம்மாவிடம் மாட்டிக்கொள்கிறார்.

"ஏன் தம்பி, மோட்டாருக்கு மும்முனைய பகல்ல குடுக்கச் சொன்னா என்னா? ராத்திரில வந்தா டார்ச்ச எடுத்துக்கிட்டு பூச்சிபொட்டு மிதிச்சுக்கிட்டு யாரு போவறது?"

"நான் கம்பத்துல ஏறுறவன்மா. டைம் போடறவன் மெட்ராஸ்ல ஏசில இருக்கான்."

"அவன்கிட்ட சொல்லு."

"என் போனை எடுக்க மாட்டான்மா."

அந்த அம்மா மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, தண்ணீர் பாய்ச்சக் கேட்டதுதான் மின்திட்டக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிற விஷயம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மோட்டார்கள் இலவச மின்சாரத்தில் ஓடுகின்றன. அவற்றின் ஓட்டத்தை வெயில் மின்சாரம் மிஞ்சிக் கிடக்கும் பகல் வேளைக்கு நகர்த்தினால், அவற்றுக்காக ராத்திரியில் தனியாகக் கரி எரிக்க வேண்டியதில்லை, புதிதாக நிலையம் கட்ட வேண்டியதும் குறையும். சுத்தமான மின்சாரத்துக்கான செலவு குறைந்த வழிகளில் இது ஒன்று. பாம்புக்கடியும் குறையும் என்பது எந்த அறிக்கையிலும் வராது.

"எங்க மாமனார் காலத்துல ஊத்து தானா பொங்கும்" என்று அந்த அம்மா பொதுவாகச் சொல்கிறார். "இப்ப சப்மெர்சிபிள எறக்கிக்கிட்டே போறோம்." கடையில் ஒருவர் "எல்லாம் சொரங்கம்தான்" என்கிறார். லைன்மேன் "நாம மட்டும் உறிஞ்சாமலா இருந்தோம்" என்கிறார். இரண்டும் சேர்ந்துதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பேச்சு அப்படியே பரவனாற்றுக்குப் போகிறது. 2023 ஜூலையில் அந்த ஆற்றைத் திருப்பிவிட வாய்க்கால் வெட்டுவதற்காக வளையமாதேவியில் கதிர்விட்ட நெல்லின்மேல் எந்திரம் இறங்கியது. நிலம் பல வருடங்களுக்கு முன்பே எடுத்தது என்று நிறுவனம் சொன்னது. பத்திரத்தில் அது சரியாகவே இருக்கலாம். இரண்டு மாதம் பொறுத்திருந்தால் அறுவடை முடிந்திருக்கும். அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் இந்தக் கடையில் யாரும் ஜோக் அடிப்பதில்லை.

மணி ஆறேகால். சாலையின் மேற்குப் பக்கம் சிவக்கிறது. இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

முதலில் ஜவுளிக்கடை. வாசலில் தொங்கும் குறிஞ்சிப்பாடிக் கைலிகளின் மேல் நான்கு டியூப் விளக்கு ஒன்றாக எரிகிறது. பிறகு மருந்துக்கடை, செல்போன் கடை, கோழிக்கடை. கூல்டிரிங்ஸ் கடையின் ஃபிரிட்ஜ் ஒரு குலுக்கலோடு ஓடத் தொடங்குகிறது. ஏ.டி.எம். கதவு திறக்கும்போதெல்லாம் குளிர்காற்று தெருவுக்கு வந்து வீணாகிறது. வேலை முடிந்து வந்த ஒரு பையன் பேட்டரி ஸ்கூட்டரைக் கடைக்குப் பின்னால் நிறுத்தி, மாஸ்டரிடம் தலையாட்டி அனுமதி வாங்கிக்கொண்டு சார்ஜர் குத்துகிறான். தெருவிளக்குகள். வீடுகளில் கிரைண்டர், டிவி, மாடியறை ஏசி. டீக்கடை ஃபேன் ஒரு சுற்று தளர்ந்து, திரும்பவும் எழுகிறது. லைன்மேன் அண்ணாந்து அதைத்தான் பார்க்கிறார். நான் அவரைப் பார்க்கிறேன்.

ஆறரைக்கு மேல் அந்தத் தெற்கு மாவட்டங்களின் 2,670 ஏக்கரும் கண்ணாடி வயலாகச் சும்மா கிடக்கும். தேவை இறங்கவில்லை, வெயில் இறங்கிவிட்டது.

ஒரு மின்வாரியம் வருங்காலத்துக்குத் திட்டம் போடுவது என்றால் இந்த வேளையைக் கணக்கில் எடுப்பதுதான். வருடத்துக்கு 8,760 மணி நேரம். ஒவ்வொரு மணிக்கும் எவ்வளவு தேவை வரும், எது எவ்வளவு தரும், எது பழுதாகி நிற்கக்கூடும் என்று கட்டம் போட்டு நிரப்ப வேண்டும். மாநில மின்பகிர்மானக் கழகங்கள் இப்படிப் பல வருடங்களுக்கு முன்னோக்கிக் கணக்குக் காட்ட வேண்டும் என்று 2023 ஜூனில் மத்திய அரசு வழிகாட்டு நெறிகளும் வெளியிட்டது. தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த வருடம்தான் மின்வாரிய நிறுவனம் பிரிந்து, உற்பத்திக்கு ஒரு கழகம், பகிர்மானத்துக்கு ஒரு கழகம், பசுமை எரிசக்திக்கு ஒரு கழகம் என்று மூன்றானது. இந்த ஊருக்கு அது இன்னும் ஒரே 'ஈ.பி.'தான். என்.எல்.சி. தயாரிப்பதை விற்கிறது, தமிழ்நாட்டோடு புதுச்சேரி, கேரளா, கர்நாடகா, ஆந்திரா என்று பங்கு போகிறது. ஈ.பி. வாங்கி வீட்டுக்கு விடுகிறது. நடுவில் கரண்ட் போனால் ஏச்சு வாங்குகிறவர் மட்டும் கயிறு மாட்டிய பைக்கில் வருகிற லைன்மேன்.

மெகாவாட் எண்ணிக்கையை வைத்து இலக்கு அறிவிப்பதில் இருக்கும் ஏமாற்று இந்த வேளையில்தான் புலப்படும். மத்தியானத்து ஒரு மெகாவாட்டும் ராத்திரி ஏழு மணி ஒரு மெகாவாட்டும் ஒன்றல்ல. ஆடி மாதமென்றால் ஆரல்வாய்மொழிக் காற்று கைகொடுக்கும். ஐப்பசியில் அதுவும் இல்லை. மிஞ்சுகிற நேரத்து மின்சாரத்தைப் பிடித்துவைக்க வேண்டும். ஆனைமலையில் காடம்பாறை 1980-களிலிருந்தே அதைச் செய்கிறது: மிஞ்சும் மின்சாரத்தில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவையான வேளையில் இறக்கி 400 மெகாவாட் எடுக்கிறார்கள். நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு அதே மாதிரி ஒன்று வருடக்கணக்காகக் கட்டப்பட்டுவருகிறது. கரி எடுத்து முடித்த சுரங்கப் பள்ளங்களிலேயே இப்படித் தண்ணீரை ஏற்றி இறக்கலாமா என்று மத்திய நிலக்கரி அமைச்சகம் பேசிவருகிறது. நெய்வேலிக்காரர்கள் அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அவர்களிடம் பள்ளத்துக்கும் குறைவில்லை, இறைக்கிற தண்ணீருக்கும் குறைவில்லை.

இவையெல்லாம் வந்துசேரும் வரை ஏழு மணிக்குக் கரிதான். அந்தக் கரியையும் இனி வேறு மாதிரி எரிக்கச் சொல்கிறார்கள். பகலில் வெயிலுக்கு வழிவிட்டு அனல் நிலையங்கள் முதலில் 55 சதவீதம் வரை, பிறகு 40 சதவீதம் வரை தணிந்து ஓட வேண்டும், சாயங்காலம் விறுவிறுவென்று ஏற வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் வருட விதி. பேப்பரில் அதைப் பற்றி ஏதோ ஒரு வரி இருந்திருக்க வேண்டும். பெரியவருக்குக் கோபம் வருகிறது.

"வடலூரு அடுப்பு மாதிரிடா பாய்லரு. அதை அணைச்சு அணைச்சுப் பத்தவைக்கறதுன்னா குழா தாங்காது. பாதிக்குமேல தண்ணியா இருக்கற கரி இது. தணலக் கொறச்சா எரியவே அடம்புடிக்கும்."

வள்ளலார் 1867-ல் மூட்டிய தருமசாலை அடுப்பு பக்கத்தில்தான், அடுத்த பஸ்ஸில் ஏறினால் வந்துவிடும் தூரம். அணையாத நெருப்போடு வாழ்ந்து பழகிய வட்டாரத்தில், தேவைக்குத் தகுந்தபடி நெருப்பை ஏற்றி இறக்கு என்பதை ஒரு பழைய பாய்லர்காரர் ஏற்றுக்கொள்வது கஷ்டம்தான். பாய்லரின் கோபம் என்னவென்று 2020 மே மாதமும் ஜூலை மாதமும் இரண்டாம் அனல் மின் நிலையத்தின் பாய்லர் விபத்துகளில் எல்லோரும் பார்த்தார்கள். வீடு திரும்பாதவர்கள் இந்தச் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள்.

ஏழரை மணி. மூன்றாம் ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவராகச் சேர்கிறார்கள். பத்து மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். ஹெல்மெட்டைக் கையில் தொங்கவிட்டு, அதற்குள்ளேயே சாப்பாட்டு டப்பாவை வைத்திருக்கிறான் ஒருவன். முப்பது வயது இருக்கலாம். கழுத்துப் பட்டையில் அடையாள அட்டை, அதன் பிளாஸ்டிக் உறை நுனியில் கிழிந்து செலோ டேப் ஒட்டியிருக்கிறது. காண்ட்ராக்ட்.

"வா மாப்ள. உங்க கம்பெனி சோலார் போடப்போவுதாம்" என்கிறார் மாஸ்டர்.

"போடட்டும்ணே. நல்லதுதான்."

"உனக்கு வேலை?"

அவன் பெரியவரைப் பார்த்துச் சொல்கிறான், பெரியவருக்குத்தான் இந்த விவரம் புரியும் என்பதுபோல. "பெரியப்பா, என் கூட்டாளி ஒருத்தன் தெக்க சோலார் பிளாண்டுக்குப் போனான். பிளேட்டு கழுவணும், புல்லு வெட்டணும். கட்டறப்ப ஆள் வேணும். கட்டி முடிச்சா ஒரு ஷிப்டுக்கு நாலு பேரு போதுமாம்."

"எலெக்ட்ரிக்கல் படிச்சிருக்கியே."

"ஐ.டி.ஐ. ஃபிட்டரு பெரியப்பா. சுத்தற மெஷினுக்குத்தான் ஃபிட்டரு. அது சுத்தாது."

பெரியவர் பேப்பரை மேசைமேல் வைத்துவிடுகிறார். பால்காரன் ஜோக்குக்குச் சிரித்த பெஞ்சும் இப்போது டீயைக் குடிக்கிறது. பேச என்னிடமும் ஒன்றும் இல்லை. பேச வந்தவனும் இல்லை.

பஸ் வருகிறது. ஹெல்மெட்டுகள் ஏறுகின்றன.

வேலை குறைவது சூரிய மின்சாரத்தின் குறை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குறை திட்டத்தின் பக்கம். என்.எல்.சி. ஒரு பொதுத்துறை நிறுவனம். அது புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கென்று 2023-லேயே தனியாகத் துணை நிறுவனம் தொடங்கியது. இலக்குக்கு எண் வைத்தது, வருடம் வைத்தது. கரிக்கும் ஒரு முடிவுத் தேதி இருக்கிறது என்பதை ஃபர்ஸ்ட் தெர்மல் காட்டிவிட்டது. நெய்வேலிக்கு ராட்சத பக்கெட் வீல் எந்திரங்களைக் கொடுத்த ஜெர்மனியில் 2020-ல் சட்டம் போட்டார்கள். கரியை விட்டு வெளியேறக் கடைசி வருடம் 2038. எந்த நிலையம் எப்போது மூடும் என்பதற்கு அட்டவணை. சுரங்க வட்டாரங்களுக்கு 4,000 கோடி யூரோ வரை உதவி. அங்கேயும் சண்டை சச்சரவு ஓயவில்லை. ஆனால் சண்டை போடுகிறவன் கையில் ஒரு தேதி இருக்கிறது. செலோ டேப் ஒட்டிய அட்டையோடு பஸ் ஏறியவன் கையில் இன்றைய ஷிப்ட் மட்டும்தான் இருக்கிறது.

அவனுக்கும் அந்த மல்லாட்டைக்கார அம்மாவுக்கும் ஒரு காகிதம் வர வேண்டும். எந்தச் சுரங்கம் எந்த வருடம் வரை, எந்த யூனிட் எந்த வருடம் மூடும், அந்த வருடம் உள்ளே இருக்கும் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு என்ன பயிற்சி, எங்கே வேலை, நிலம் கொடுத்த வீட்டுப் பிள்ளைக்கு எந்த இடம், ராத்திரி ஏழு மணிக்கு எந்த மின்சாரம், மோட்டாருக்குப் பகலில் எத்தனை மணி நேரம். இதைத் தமிழில் எழுதி, குறிஞ்சிப்பாடி வட்டத்தில் ஊராட்சிக்கு ஊராட்சி ஒட்டி, கிராம சபையில் வாசித்துக் காட்டுவது என்.எல்.சி.யும் மின்வாரியமும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. ஊர்க்காரர்களும் தீர்மானம் போட்டுக் கேட்க வேண்டும். கத்திரி போனால் வருகிற கிராம சபை ஆகஸ்ட் 15-ல்.